முசே பெஞ்சமேன் பிரிக்காத தையல்

“நான் போட்ட தையல நானே பிரிச்சதா சரித்திரம் கெடையாது. இனிமேலயும் கெடையாது” என்று முசே பெஞ்சமேன் அறிவித்தது அன்வருதீனின் தையல் கடையில், ஒரு சனிக்கிழமை காலையில். கடையில் அப்போது அன்வருதீன் இருந்தார், காஜா எடுக்கிறவர் இருந்தார், பிள்ளையின் பள்ளிக்கூட பேன்ட்டை நீளமாக்க வந்த ஒரு தாயார் இருந்தார். சரித்திரத்துக்கு இவ்வளவு சாட்சி போதும்.

அன்வருதீன் அந்த நேரம் பார்த்து ஒரு ரவிக்கையின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே, “எங்களுக்குப் பாதிப் பொழப்பே பிரிக்கிறதுதான் முசே. நீங்க பெரிய எடம்” என்றார்.

முசே அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். வழக்கம்போலக் கடையில் மீந்த வெட்டுத்துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி, ஸ்கூட்டரின் முன்பக்கம் வைத்துக்கொண்டு, கருவடிக்குப்பத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் புறப்பட்டார்.

பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷனோடு திரும்பியவர்களைப் புதுச்சேரி ‘சொல்தா’ என்று சொல்லும், நேரில் ‘முசே’ என்று மரியாதையாகக் கூப்பிடும். சொல்தா என்றால் ஏதோ பாலைவனத்தில் துப்பாக்கியை அணைத்துக்கொண்டு படுத்துக் கிடந்தவர் என்று ஊருக்கு ஒரு நினைப்பு. பெஞ்சமேன் படுத்துக் கிடந்ததில்லை, உட்கார்ந்திருந்தார். ராணுவக் கிடங்கில், கிழிந்த கூடாரங்களைத் தைக்கும் மிசினுக்கு முன்னால். அவருடைய பணிக்காலம் முழுவதும் பிரான்சின் எதிரிகள் ஒருவர்கூடக் கூடாரத்து ஓட்டை வழியாக உள்ளே நுழையவில்லை என்பதை யாராலும் மறுக்க முடியாது.

அங்கே இருந்தபோது பக்கத்து வீட்டு அம்மாள் ஒருத்தி வண்ண வண்ணத் துணித்துண்டுகளை ஒட்டி, நடுவில் பஞ்சு வைத்து, போர்வை தைப்பதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய நாளில், பெட்டி நிறைய சென்ட்டும் சாக்லேட்டும் வரும் என்று காத்திருந்த சொந்தக்காரர்களின் கண் எதிரே, நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய ஓர் இரும்புத் தையல் மிசினையும், கூடாரம் தைக்கிற முறுக்கு நூல் உருளைகளையும் இறக்கினார். சொந்தக்காரர்களில் சிலர் அதற்குப் பிறகு வரவில்லை. அது நல்லதுக்குத்தான் என்பது அவர் மனைவி மதாம் ஜெனவியேவின் கருத்து.

அன்று தொடங்கிய தையல் இன்னும் ஓயவில்லை. சாப்பாட்டு மேசையில் ஒரு போர்வை பாதியில் இருக்கும். கட்டிலில் ஒன்று துண்டு துண்டாகப் பரப்பியிருக்கும். மாடிப்படிக்குக் கீழே ஒன்று, நிறம் பொருந்தாமல் தண்டனை அனுபவித்துக்கொண்டிருக்கும். தம்பதியர் சமையலறையில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ஒருமுறை போர்வையோடு அடியில் இருந்த மேசை விரிப்பும் சேர்ந்து தைபட்டுப்போனது. வேறு ஆளாக இருந்தால் பிரித்திருப்பார். முசே கத்தரியை எடுத்தார்; மேசை விரிப்பைப் போர்வையின் அளவுக்குச் சுற்றி வெட்டி, இந்த மாதிரிக்கு அடித்துணி கனமாக இருந்தால்தான் அழகு என்று அறிவித்துவிட்டார். அந்த மேசை விரிப்பு ஜெனவியேவின் கல்யாணச் சீர். அதைப் பற்றி அந்த வீட்டில் இன்றைக்கும் பேச்சு உண்டு.

மே மாதத்தில் நிழலுக்கே வேர்க்கிற ஊரில் பஞ்சு வைத்த போர்வையை யார் போர்த்திக்கொள்வார்கள் என்ற கேள்வி அவர் மனத்தில் ஒருநாளும் எழுந்ததில்லை. கல்யாணம், புதுமனை, கோயிலில் பிள்ளைகள் வாங்கும் புதுநன்மை, பணி ஓய்வு என்று எதற்கும் அவர் தருவது போர்வைதான். தெருவில் போர்வை வாங்காத வீடு கிடையாது. இராமதாஸ் தன்னுடையதை ஸ்கூட்டருக்கு உறையாகப் போட்டிருந்தார். மளிகைக்கடை தெய்வசிகாமணி ஐஸ் பெட்டியைச் சுற்றி வைத்திருந்தார். ஐஸ் உருகுவதே இல்லை என்று நேரில் வேறு வந்து நன்றி சொன்னார். உண்மையான குளிர் இருக்கிற ஊரில் வாழ்பவள் பிரான்சில், லியோனில் இருக்கும் மகள் அனைஸ் ஒருத்திதான். வீடியோவில் பார்த்தபோது, அவளுக்குக் கொடுத்த போர்வையில் அவளுடைய பூனை படுத்திருந்தது.

“பூனைக்காவது குளிரு தெரியுதே” என்றாள் ஜெனவியேவ்.

முசே இதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை என்று காட்டிக்கொள்வார். ஆனால் இராமதாஸின் ஸ்கூட்டரைக் கடக்கும்போது மட்டும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார். ஒரு போர்வையாவது, ஒரே ஒரு போர்வையாவது, ஒரு மனுஷ உடம்புக்குக் கீழேயோ மேலேயோ கிடக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. இதை அவர் ஜெனவியேவிடம்கூடச் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

பிறகு அந்தப் புயல் வந்தது. விடிகாலையில் தெருத் தண்ணீர் வாசலைத் தாண்டி உள்ளே வந்தபோது மாடியில் குடியிருந்த கலைமகளும் அவள் புருஷன் இளஞ்செழியனும் ஓடி வந்தார்கள். முசே டி.வி.யைக் காட்டினார், ஃபிரிட்ஜைக் காட்டினார். கலைமகள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “மொதல்ல மிசின தூக்குங்க” என்றாள் புருஷனிடம். நான்கு பேர் தூக்க வேண்டிய மிசினை இளஞ்செழியனும் எதிர்வீட்டு வடிவேலும் இரண்டே பேராக மாடிக்கு ஏற்றினார்கள். துணி மூட்டைகளைக் கலைமகள் தலையில் சுமந்து ஏற்றினாள். டி.வி. தண்ணீரில் போனது, அதில் யாருக்கும் வருத்தமில்லை. தண்ணீர் வடிந்து வீடு காய்கிற வரை முசேயும் மதாமும் மாடியில்தான் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள்.

நன்றிக்குப் புதுச்சேரிக்காரர் சொல்லும் ‘மெர்சி’ மூச்சு விடுகிற மாதிரி. முசே கீரைக்காரம்மாவுக்கும் சொல்வார், வழிவிட்ட மாட்டுக்கும் சொல்வார். கலைமகளுக்கு மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவு சின்னச் சொல்லை அவ்வளவு பெரிய மிசினுக்குச் சொல்வது அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே, கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து அவள் உண்டானாள் என்று தெரிந்த அன்றே முடிவு செய்துவிட்டார்: குழந்தைக்கு ஒரு போர்வை. மற்றதெல்லாம் ஊருக்குத் தைத்தது, இது நன்றிக்குத் தைப்பது.

நன்றிக்கு வெட்டுத்துணி ஆகுமா? நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, மடிப்புக் கலையாத புதுத்துணியாக வாங்கினார். மற்ற போர்வைகள் எல்லாம் வேலைநிறுத்தத்தில் இருக்க, இது மட்டும் முடிந்தது. நட்சத்திரம் நட்சத்திரமாக, கூடாரத்து நூலில், இரட்டைத் தையலில். புயலே வந்து இழுத்தாலும் பிரியாது.

பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று, போர்வையைக் கண்ணாடித்தாள் உறையில் போட்டு, முசே தானே மாடியேறிக் கொடுத்தார். கலைமகள் இரண்டு கையாலும் வாங்கினாள். ரொம்ப அழகாயிருக்கு முசே, எதுக்கு இவ்வளவு சிரமம் என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் உண்மையாகவே இருந்தது. முசே படியிறங்கும்போது ஏதோ மெட்டு ஒன்றைச் சீட்டியடித்துக்கொண்டே இறங்கினார்.

மறுநாளிலிருந்து அவருக்கு மாடித் தண்ணீர்த்தொட்டியின் மேல் திடீர் அக்கறை பிறந்தது. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போய்த் தொட்டியைச் சோதித்தார். பக்கத்தில் துணி காயும் கொடி இருந்தது தற்செயல். கொடியில் கிழித்த வேட்டித் துண்டுகள் காய்ந்தன, பழைய புடவைத் துண்டுகள் காய்ந்தன, சாயம் போன நைட்டி ஒன்று நான்காகக் கிழிபட்டுக் காய்ந்தது. நட்சத்திரங்களைக் காணோம். ஒருநாள் கதவு திறந்திருந்தது. பீரோவின் உச்சியில், கண்ணாடித்தாள் உறை கலையாமல், போர்வை உட்கார்ந்திருந்தது.

கீழே வந்து நாற்காலியில் விழுந்தார். ஜெனவியேவ் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“பொறந்த கொழந்தைய யாராச்சும் புதுத்துணியில போடுவாங்களா?” என்றாள் அவள். “பழந்துணிதான் போடுவாங்க. அதுவும் புள்ளைங்க நோய்நொடி இல்லாம வளந்த வீடாப் பாத்து வாங்கியாந்து போடுவாங்க. உங்களையே உங்கம்மா கிழிஞ்ச வேட்டியிலதான் சுத்தி வெச்சிருந்தாங்களாம்.”

“எனக்கு யாரும் சொல்லலையே.”

“அனைஸ் பொறந்தப்ப பாத்திருப்பீங்க. எங்க இருந்தீங்க?”

ஆப்பிரிக்காவில், ஜிபூத்தி முகாமில் இருந்தார். கூடாரம் தைத்துக்கொண்டிருந்தார். மகளை அவர் முதலில் பார்த்தபோது அவள் புதுக் கவுன் போட்டு, தவழ்ந்து வந்து, இந்த ஆள் யார் என்று பார்த்து அழுதாள்.

முசே, அந்தப் போர்வையையே துவைத்துத் துவைத்துப் பழசாக்கிவிட்டால் என்ன என்று கேட்டார். அதற்குள் அந்தப் பெண்ணுக்கே கல்யாணம் ஆகிவிடும் என்றாள் ஜெனவியேவ். பிறகு, அவர் முகத்தைப் பார்த்து, அன்வருதீன் வீட்டில் போய்க் கேளுங்கள் என்று தணிந்த குரலில் சொன்னாள். மூன்று பிள்ளைகள், மூன்றும் நல்லபடியாக வளர்ந்த வீடு. கண்டிப்பாக ஏதாவது பழந்துணி இருக்கும்.

பழந்துணி கேட்டுப் போகிற சொல்தா என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்று முசே போனார். அன்வருதீனின் மனைவி அக்தர் பேகம் விஷயத்தைக் கேட்டாள். உள்ளே போய் நேரம் எடுத்துக்கொண்டு, மடித்த ஒரு பொருளோடு திரும்பி வந்து அவர் மடியில் வைத்தாள்.

முதலில் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நிறமெல்லாம் வெளிறி, ஓரம் நைந்து, கையில் எடுத்தால் எடையே இல்லாமல், வெண்ணெய் மாதிரி வழிந்தது. திருப்பிப் பார்த்தபோதுதான் அந்த இரட்டைத் தையல் கண்ணில் பட்டது. மூத்தவள் இஃப்ஃபத் பிறந்தபோது அவரே கொடுத்த போர்வை.

“மூத்தவ தவழ ஆரம்பிச்சதும் எடுத்து விரிச்சேன், மூணு புள்ளைங்களும் இதுல புரண்டதுங்க முசே” என்றாள் அக்தர் பேகம். “மூத்திரம் போவாத எடமே கெடையாது. எத்தன தோச்சிருப்பேன்னு கணக்கே இல்ல. ஸாகிப் பள்ளிக்கூடம் போறவரைக்கும் இது இல்லன்னா தூங்கமாட்டான். நாங்களாச்சும் உங்களுக்கு ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்.”

முசே பெஞ்சமேன் தன் வாழ்க்கையில் ஒரு பதக்கம் வாங்கியிருக்கிறார். நீண்ட காலம் பணியில் இருந்ததற்காக. அன்று கண்கள் காய்ந்துதான் இருந்தன. இன்று மூத்திரம் போகாத இடமே கிடையாது என்று கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

“எடுத்துட்டுப் போங்க. இன்னொரு புள்ளைக்கு ஆவட்டும்” என்றாள். அவர் எழுந்து நின்று, “மெர்சி” என்றார். கீரைக்காரம்மாவுக்குச் சொல்கிற மெர்சி மாதிரி அது இல்லை.

கடையைக் கடக்கும்போது அன்வருதீன் போர்வையை விரலால் தடவிப் பார்த்தார். துணி பூவாட்டம் ஆயிடுச்சு, தையல்தான் இன்னும் கம்பியாட்டம் நிக்குது என்றார். பிறகு, காஜாக்காரர் காதில் விழாமல், “பிரிக்கிற மாதிரி இருந்தா எங்கிட்ட அனுப்புங்க. நான் பிரிச்சித் தரேன். உங்க பேரு அப்பிடியே இருக்கட்டும்” என்றார். அந்த அவசியமே வராது என்று முசே சிரித்தபடி ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

கலைமகளுக்கு எந்த வீட்டுத் துணி என்று விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவள் போர்வையை வாங்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டாள். அப்படியே தரையில் விரித்து, குழந்தையைக் கிடத்தினாள். குழந்தை ஒருமுறை உடம்பை நெளித்து, ஒரு கொட்டாவி விட்டு, தூங்கிப்போனது. முசே நின்றுகொண்டே பார்த்தார். ஒரு மனுஷ உடம்பு, சின்னதுதான், அவர் தைத்த போர்வையின் மேல். கீழே வரச் சொல்லி ஜெனவியேவ் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை.

பாலுக்கு நேரமாகிக் குழந்தையைத் தூக்கியபோது அதன் கன்னத்தில் சிவப்பாக ஒரு கோடு. துண்டும் துண்டும் சேருகிற இடத்தில் இரட்டைத் தையல் வரப்பு மாதிரி எழும்பி நின்றது. கலைமகள் சட்டென்று குழந்தையின் முகத்தைத் தன் தோள் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“அது ஒண்ணுமில்ல முசே, தன்னால போயிடும்” என்றாள்.

அவர் குனிந்து போர்வையை எடுத்து மடித்துக்கொண்டு கீழே வந்தார். கத்தரியை எடுப்பார் என்று ஜெனவியேவ் நினைத்தாள். அவர் குளியலறைக்குப் போய்ச் சவர பிளேடு ஒன்றைக் கொண்டுவந்து, காகிதத்தோடு வைத்து இரண்டாக உடைத்தார். மெல்லிய நூலில் தட்டையாகத் திரும்பத் தைக்க வேண்டுமென்றால் முதலில் பிரித்தாக வேண்டும். வாசல் வெளிச்சம் விழுகிற இடத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார். தெருவில் இராமதாஸ் ஸ்கூட்டரின் உறையை எடுத்துக்கொண்டிருந்தார், பார்த்தார். முசே உள்ளே நகரவில்லை.

முதல் தையல் வரவில்லை. கூடாரத்து நூல், பிரான்சைக் காத்த நூல், லேசில் விடுமா. பிளேடின் முனையைத் தையலுக்கு அடியில் செலுத்தி, துணியில் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கினார். டிக் என்று அறுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

ஜெனவியேவ் காப்பியோடு வந்து நின்றாள். மேசை விரிப்பைப் பற்றிச் சொல்ல அவளிடம் எத்தனையோ வருஷத்து வார்த்தைகள் சேர்ந்திருந்தன. டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் அறுத்து விட்ட நூல்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் மடியில் போட ஆரம்பித்தாள்.