பங்களாத் தோட்டத்துப் புல்

பாஞ்சாலைக்கு இருந்தது ஒரே ஆசை. உட்கார வேண்டும். விடிந்து எழுந்தால் பொழுது சாயும்வரை நின்றபடியே கிடக்கிற பொம்பளைக்கு வேறு என்ன பெரிய ஆசை வந்துவிடப் போகிறது?

ஜவ்வாது மலையில் நெல்லிக்காட்டூருக்கு மேலே ஒரு பழைய பங்களா இருந்தது. மலைக்கு வரும் அதிகாரிகள் தங்கிப் போகிற இடம். புருசன் செத்த வருசம் அங்கே தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும் தினக்கூலியாகச் சேர்ந்தாள். சுனை பள்ளத்தில், தோட்டம் மேட்டில். கட்டிய புண்ணியவான் தண்ணீர் சுமக்கிறவளைப் பற்றி ஒரு நிமிஷம் நினைத்திருந்தால் இப்படிக் கட்டியிருக்க மாட்டான். வருகிற அதிகாரி வீட்டு அம்மாமார் ஆளுக்கொரு ரோஜாப் பதியனைக் கையில் கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஜீப் ஏறிப் போவார்கள். பங்குனி வெயிலில் அது கருகும். திட்டு மட்டும் இவளுக்கு. செத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றவில்லை என்று திட்டு வாங்கியவள் உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

எழுபத்தாறாம் வருசக் கோடையில் முட்டி இரண்டும் வீங்கிப்போயின. குடத்தோடு படியேறுகையில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. போதும்டா சாமி என்று ஆகிவிட்டது அவளுக்கு. முதல் மழை விழுந்ததும், ரோஜா செத்த இடத்தையெல்லாம் கொத்திவிட்டு, மலைச்சரிவில் தானாக வளர்ந்து கிடக்கிற கூரைப்புல்லைத் தூர் தூராகப் பெயர்த்துவந்து பாதையின் இரண்டு பக்கமும், பங்களாவின் பின்மேடு முழுக்கவும் நட்டுவைத்தாள். அழகு பார்த்து நட்டதில்லை, அலுப்பில் நட்டது.

பங்களாவை மேற்பார்க்கும் ஓவர்சியர் கோபால்சாமி போளூரிலிருந்து வந்தபோது தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா இது? பூச்செடி வெக்கிற எடத்துல புல்லப் போயி நட்டு வெச்சிருக்க. விழலுக்கு எறைக்கவா உனக்குக் கூலி குடுக்கறோம்?"

"இதுக்கு எறைக்கவே வேணாங்க அய்யா. மழத்தண்ணியே போதுங்க" என்றாள்.

அடுத்த வருசம் மார்கழியில் வந்தவர் தலையில் அடித்துக்கொள்ளவில்லை. புல் ஆளுயரம் நின்றது. கதிர் வாங்கி, செம்பட்டை நிறம் ஏறி, காற்றடிக்கும்போதெல்லாம் மேடு மொத்தமும் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. ஓவர்சியர் அதன் நடுவில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "மாசியில எங்க ஆபீசு பெரிய அய்யா வர்றாரு. இதப் பாத்தா சொக்கிப் போய்டுவாரு. அந்த எடத்துலயே உன்னப் பர்மனெண்டு பண்ணச் சொல்லிக் கேட்டுடறேன். அதுவரிக்கும் ஒரு தூரு கலையாம பாத்துக்கோ."

பர்மனெண்டு ஆகிவிட்டால் பங்களாவைக் கூட்டிப் பெருக்கினால் போதும். கிழவியான பிறகும் ஏதோ பென்சன் வரும். உட்கார்ந்து ஒரு வாய் கஞ்சி குடிக்கலாம். பாஞ்சாலை அன்றிலிருந்து புல்லைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அவள் ஊரான நெல்லிக்காட்டூரில் கூரை வேய்வது ஊர் வேலை. தை மாசம் வீட்டுக்கொரு ஆள் போய்ப் புல் அறுத்து, முறைவைத்து எல்லார் வீட்டுக்கும் வேய்வார்கள். குடம் தூக்கவே பொழுது சரியாக இருந்த பாஞ்சாலை ஒருவர் வீட்டுக்கும் போனதில்லை. போகாதவள் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கேட்பாள்? அவள் வீட்டுக் கூரை ஒரு பக்கம் மக்கி, மழைக்காலம் முழுக்கச் சட்டியும் பானையும் ஒழுக்குக்கு வைக்கவே சரியாயிருந்தது.

மாசி பிறந்ததும் சந்தவாசலில் கட்டிக்கொடுத்த மகளுக்குப் பிள்ளை பிறந்ததாகச் சேதி வந்தது. இறங்கிப் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டு, பெரிய அய்யா வருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் மூச்சு வாங்க மலையேறி வந்தாள்.

வீட்டு வாசலில் ஊரே நின்றது. புருசனின் தம்பி மாதையன் கூரைமேல் உட்கார்ந்து கடைசிக் கட்டைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி, வந்து பாரு" என்றான், முகமெல்லாம் பல்லாக. "இனிமே உன் வூடு ஒழுவாது."

பாஞ்சாலைக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன்னையும் ஊர் ஒரு ஆளாக நினைத்ததே என்று கண் கலங்கினாள். அப்புறம்தான் கூரையின் நிறம் கண்ணில் பட்டது. அந்த வருசம் காட்டுத்தீயில் சரிவுப் புல்லெல்லாம் சாம்பலாகியிருந்தது. அறுக்க வேறு எங்கே புல் இருந்தது?

"புல்லு ஏதுப்பா?" என்றாள், தெரிந்துகொண்டே.

"உன் புல்லுதான். கூரைக்குன்னு நீ பங்களாவுல வளத்து வெச்சது. ஒண்டியா இன்னா பண்ணுவன்னு நாங்களே அறுத்துட்டோம். இன்னும் நாலு நாள் வுட்டிருந்தா காஞ்சி உதுந்து போய்ட்டிருக்கும்."

அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? பார்த்து ரசிக்கவென்று ஒருத்தி கூரைப்புல்லை வளர்ப்பாள் என்று அந்த மலையில் யாருக்குத் தோன்றும்? பாஞ்சாலை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். களைப்பு என்று நினைத்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

மறுநாள் ஜீப் வந்தது. பெரிய அய்யா கட்டை கட்டையாய் நின்ற தூர்களைப் பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனார். ஓவர்சியருக்கு முகம் செத்துப்போயிற்று.

"எவன் அறுத்தது? பேரச் சொல்லு. திருட்டுன்னு போலீசுல எழுதிக் குடுத்துடலாம். உன் மேல ஒண்ணும் வராது. உன் வேலைக்கு நானாச்சு."

ஒரு பெயர் சொன்னால் போதும். முட்டி வலியும் குடமும் அத்தோடு போய்விடும். மாதையனை ஜீப்பில் ஏற்றுவார்கள். பாஞ்சாலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்:

"நாந்தாங்க அறுத்தேன். வூடு ஒழுவுச்சுங்க."

அன்றோடு வேலை போயிற்று. ஊரில் கேட்டவர்களிடம் முட்டி முடியவில்லை, நானே நின்றுவிட்டேன் என்றாள். அவள் இடத்துக்குக் கலசப்பாக்கத்திலிருந்து சின்னதம்பி என்று ஒருவன் வந்தான். ஆனி மழைக்கே தூரெல்லாம் துளிர்த்துவிட்டது. அடுத்த மார்கழியில் மேடு பழையபடி ஆடியது. பெரிய அய்யா திரும்ப வந்து பார்த்துச் சொக்கிப்போனார். சின்னதம்பி பர்மனெண்டு ஆனான். ஒரு குடம் தூக்காமல் வராந்தாவில் உட்கார்ந்திருந்தான்.

பாஞ்சாலை சாமைக் காட்டில் களையெடுக்கக் கூலிக்குப் போனாள். தை பிறந்ததும் ஊரோடு சேர்ந்து புல் அறுக்கவும் போனாள். தன் கூரையை வேய்ந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போக வேண்டுமே. தலையில் புல்லுக்கட்டு, கீழே இறக்கமான பாதை, முட்டி ஒவ்வோர் அடிக்கும் சத்தம் போட்டது.

அடுத்த ஆடியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம். வேலைக்குப் போக முடியாமல் பாஞ்சாலை வீட்டுக்குள் இருந்தாள். முன்பானால் சட்டியை இங்கே வை, பானையை அங்கே நகர்த்து என்று ஓட்டமாய் ஓடியிருப்பாள். இப்போது ஒரு வேலையும் இல்லை. சும்மா உட்கார்ந்து நினைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. அது குடம் சுமப்பதைவிடக் கொடுமையாக இருந்தது.

கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு மாதையன் வந்து வாசலில் குனிந்தான்.

"அண்ணி, எங்கயாச்சும் ஒழுவுதா?"

"ஒரு சொட்டு இல்லப்பா" என்றாள்.

அவனுக்கு அவ்வளவு சந்தோஷம். மழையைப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே போனான். அவன் தலை மறைகிறவரை பொறுத்திருந்து, பாஞ்சாலை அழுதாள்.