ஆறு மணிக்குத் தூங்கும் பொம்மை

பள்ளிவாசல் என்ற மலையூரில் நாங்கள் தங்கிய காட்டேஜில் மகள் மறந்துவிட்டு வந்த பொம்மையை, மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் வேலையாகப் போனபோது கேட்டேன். சீசன் முடிந்திருந்தது. மங்கி குல்லாய் போட்ட காவல்காரர் மட்டும் இருந்தார். பொம்மை அவருடைய கட்டிலில், தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அவர் அதைப் படுக்கவைத்தார், இமைகள் மூடின. நிமிர்த்தினார், திறந்தன.

“கண்ணுக்குப் பின்னால ஒரு குண்டு கம்பியில ஆடுது சார். இந்த ஊர் பனிக்குத் துருப்பிடிச்சா கண்ணு அப்படியே நின்னுரும். அதான் சாயங்காலம் படுக்கப்போட்டு, காலைல எழுப்பி உக்கார வச்சிருவேன்.”

“மூணு மாசமாவா?”

“ஒருநாள் விடல சார்.”

துண்டால் அதன் முகத்தைத் துடைத்தார். என்னிடம் நீட்டிய பொம்மையிலிருந்து கையைச் சற்றுத் தாமதித்தே எடுத்தார்.

“பாப்பாகிட்ட சொல்லுங்க. ஆறு மணிக்கெல்லாம் தூங்கிப் பழகிருச்சு.”

மகளுக்கு அதற்குள் வேறு பொம்மை வந்துவிட்டது. இது எங்கள் வீட்டு ஷோகேஸில் இரவும் பகலும் கண்ணைத் திறந்தபடி நிற்கிறது. ஆறு மணி ஆனால் எனக்கு அந்தக் கட்டில் ஞாபகம் வருகிறது. நான் கேட்காமலே வந்திருக்கலாம்.