வர்தே சொல்லாத வார்த்தை

பெத்லகேமில் பிள்ளை பெற்றவள் யாராக இருந்தாலும் மருத்துவச்சி வர்தேயிடம் ஒரு முறையாவது வசவு வாங்கியிருப்பாள். கைராசிக்காரிதான், ஆனால் வாய் மிளகாய். வலியில் துடிப்பவளைப் பார்த்து மற்ற மருத்துவச்சிகள் "பயப்படாதே" என்பார்கள். வர்தேயின் வாயில் அந்த ஒரு வார்த்தை மட்டும் வராது.

காரணம் இல்லாமல் இல்லை. ஊரை ஒட்டிய எருசலேம் சாலையில்தான் ராகேல் தாய் அடக்கமாகியிருக்கிறாள். யாக்கோபின் ஆசை மனைவி, வழிப்பயணத்தில் வலி கண்டு, பென்யமீனைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். பக்கத்தில் இருந்த மருத்துவச்சி அவளிடம் சொன்னது "பயப்படாதே" என்றுதான். வேதத்திலேயே அப்படி இருக்கிறது. வர்தேயும் இளவயதில் தன் தங்கை லத்தீபேயின் பிரசவத்தில் அதையே சொன்னாள். தங்கை நம்பினாள், அன்றே போய்விட்டாள். அதோடு வர்தே அந்த வார்த்தையை விட்டாள், தொழிலை விடவில்லை. வேறொருத்தியாக இருந்தால் தொழிலைத்தான் விட்டிருப்பாள்.

அவள் வீட்டுச் சுவரில் இத்தாலியச் சாமியார் ஒருவர் கொடுத்த படம் தொங்கியது. ராகேல் சாய்ந்து கிடக்கிறாள், யாக்கோபு தலையில் கை வைத்திருக்கிறார், குழந்தையின் மேல் வெளிச்சம் விழுகிறது. மருத்துவச்சி மட்டும் முதுகைக் காட்டி நிற்கிறாள். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்புவா?" என்பாள் வர்தே. ஏரோது மன்னன் கொன்ற குழந்தைகளின் திருநாளன்று, பிள்ளைகளுக்காக ராகேல் அழுவதைக் கோயிலில் வாசிக்கும்போது ஊர்ப் பெண்கள் எல்லாரும் ராகேலோடு அழுவார்கள். வர்தே மட்டும் அந்த மருத்துவச்சிக்காக அழுவாள்.

ஆங்கிலேயர் ஆண்ட காலம் அது. ஒலிவக்காய் பறிக்கும் பருவத்தில் ராகேலின் நினைவு நாள் வந்தது. எருசலேமிலிருந்து யூதப் பெண்கள் வண்டி வண்டியாக வந்து விளக்கேற்றி, கல்லறையைச் சுற்றிச் சிவப்பு நூல் ஓட்டி எடுத்துப் போவார்கள். சிறைபிடிக்கப்பட்ட தன் வம்சத்துப் பிள்ளைகள் இந்த வழியாகப் போகும்போது எழுந்து அவர்களுக்காகக் கடவுளிடம் மன்றாடத்தான் ராகேல் வழியோரத்தில் படுத்தாள் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்த நூலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கர்ப்பிணியின் இடுப்பில் கட்டுவதுதான் வழக்கம். புலிசா என்ற மாமியாருக்கு அது போதவில்லை. மருமகளுக்குச் சுகப்பிரசவம் ஆகவேண்டுமென்று நிறைமாதக்காரி லூனாவையே குலுங்கும் குதிரை வண்டியில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டாள். கல்லறை வாசலில் இறங்கியதும் லூனாவுக்குப் பனிக்குடம் உடைந்தது.

ஆள் வந்து சொன்னதும் வர்தே ஒலிவத் தோப்பிலிருந்து ஓடினாள். கல்லறைக்கு அடுத்த அறையில் லூனாவைப் படுக்க வைத்திருந்தார்கள்.

"ஏம்மா, பிள்ளைய வண்டியில உருட்டித்தான் வெளிய எடுக்கணும்னு நேர்ந்துகிட்டியா?"

"நல்லதுக்குத்தானே கூட்டிட்டு வந்தேன்" என்று புலிசா முனகினாள்.

வர்தே வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிறகு காசு கோத்த தன் உயரக் குல்லாயைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அவள் குல்லாயைக் கழற்றினால் நிலைமை மோசம் என்று ஊருக்கே தெரியும். பிள்ளை குறுக்கே கிடந்தது.

வெயில் சாயச் சாய லூனா தளர்ந்துகொண்டே போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் பெண்கள் ராகேலைக் கூப்பிட்டு அழுவது கேட்டது.

"அக்கா, ராகேல் அம்மாவும் இதே ரோட்டுலதானே போனாங்க? நானும் போயிடுவேனா?"

"பயப்படாதேன்னு ஒரு வார்த்தை சொல்லேன், உனக்குப் புண்ணியமாப் போகும்!" என்று புலிசா கதறினாள்.

லூனாவின் கண்கள் வர்தேயின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. லத்தீபேயும் இப்படித்தான் பார்த்தாள். முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டால் என்ன என்று வர்தேக்கு ஒரு கணம் தோன்றியது. அவள் குனிந்து லூனாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"பயப்படுடி. நல்லா பயப்படு. எனக்கும்தான் உசுரு நடுங்குது. ரெண்டு பேரும் சேர்ந்தே பயப்படுவோம். ஆனா என் மூஞ்சியப் பாரு, நான் எங்கயும் திரும்ப மாட்டேன். முக்கு! உன் மாமியாரத் திட்டிக்கிட்டே முக்கு!"

அந்த வலியிலும் லூனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் நிஜமாகவே திட்டினாள். வண்டியை, குதிரையை, மாமியாரை, மாமியார் வைக்கும் பீன்ஸ் குழம்பை, கல்யாணமான நாளிலிருந்து அடக்கி வைத்த அத்தனையையும் திட்டினாள். "திட்டும்மா, நல்லா திட்டு" என்று புலிசாவே அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வர்தே உள்ளே கை கொடுத்துப் பிள்ளையைத் திருப்பினாள். கால்கள் வந்தன, கடைசியாகத் தலை வந்தது. ஆண் பிள்ளை. நீலம் பாரித்துக் கிடந்தவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டியதும் அலறினான். ரத்தம் நிற்கும்வரை தாயின் வயிற்றிலிருந்து வர்தே கையை எடுக்கவில்லை. ஒருவழியாக நின்றது.

"பென்யமீன்னு பேர் வைக்கலாமாக்கா?" என்று லூனா கேட்டாள்.

"வை, வை. இந்தப் பென்யமீனுக்கு அம்மா இருக்கான்னு ஊருக்குச் சொல்லிட்டு வை."

கையைக் கழுவிக்கொண்டு, குல்லாய் இல்லாத தலையோடு வர்தே கல்லறை அறைக்குள் போனாள். விளக்கேற்றிக்கொண்டிருந்த பெண்கள் வழி விட்டார்கள். கல்லின்மேல் கை வைத்து, தங்கை போனதிலிருந்து வாயில் வராத அந்த வார்த்தையை ராகேலிடம் மெல்லச் சொன்னாள்.

"பயப்படாதேம்மா. பிள்ளையும் நல்லா இருக்கான், தாயும் நல்லா இருக்கா."