வரிசையின் கடைசியில் நடந்த பேராசிரியர்

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணி இருக்கும். கல்லூரி அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். தந்திச் சேவகர் வந்து ஓர் உறையை நீட்டினார். எங்கள் பூகோளப் பேராசிரியர் நஞ்சப்பன் அவர்கள் கம்பைநல்லூரில் அன்று காலை காலமாகிவிட்டார் என்று அதில் இருந்தது. செய்தி வகுப்பறைகளுக்குப் பரவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஓடி வந்தவர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"எந்த மலையில?"

எந்த மலையிலும் இல்லை. இரண்டு நாள் விடுப்பில் தம் வீட்டுக்குப் போயிருந்தவர், காப்பி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். அப்படியே போய்விட்டார். ஏதாவது ஆற்றுச் சுழலிலோ பாறைச் சரிவிலோதான் அவரைப் பறிகொடுப்போம் என்று நாங்கள் எல்லோருமே வாய்விட்டுச் சொல்லாமல் பயந்திருந்தோம். அவரை அறியாதவர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். அவர்களுக்காகவும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

நான் சேலத்தில் எங்கள் கல்லூரியின் தலைமை எழுத்தர். ஆசிரியர்களின் விடுப்பு விண்ணப்பங்கள் என் மேசைக்குத்தான் வரும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில் பணியில் சேர்ந்த நஞ்சப்பன், சேர்ந்த இரண்டாம் மாதமே ஒரு விண்ணப்பம் கொடுத்தார். "சித்தேரி மலையின் கிழக்குச் சரிவைப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்று நாள் விடுப்பு வேண்டும்" என்று எழுதியிருந்தார்.

"சார், இதை பிரின்ஸிபால்கிட்ட எப்படிக் குடுக்கறது? காய்ச்சல்னு எழுதிடுங்களேன்" என்றேன்.

"காய்ச்சல்தாங்க ராமலிங்கம். ஆனா எந்த டாக்டரும் சர்ட்டிபிகேட் குடுக்க மாட்டாங்க" என்றார்.

வேளாண் குடும்பத்தில் பிறந்தவர். வெள்ளிக்கிழமை மாலை சேலத்தில் ரயிலேறி மொரப்பூரில் இறங்கி, அங்கிருந்து கம்பைநல்லூருக்கு நடந்தே போவார். சில வெள்ளிக்கிழமைகளில் ஊருக்குப் போகாமல் நேராக அரூர்ப் பக்க மலைகளுக்குத் திரும்பிவிடுவார். திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வரும்போது முழங்கையில் சிராய்ப்பு இருக்கும், வேட்டி ஓரத்தில் செம்மண் இருக்கும். ஒருமுறை ஒகேனக்கல்லில் பரிசல் கவிழ்ந்து, பாறையொன்றைப் பிடித்தபடி வெகுநேரம் தண்ணீரில் நின்றார். மறுநாள் வலக்கையில் கட்டுடன் வந்து, இடக்கையால் கரும்பலகையில் படம் வரைந்து, ஆறு பாறையை எப்படி அறுக்கிறது என்று நடத்தினார். அன்று கடைசி பெஞ்சில்கூட யாரும் தூங்கவில்லையாம்.

ஆனால் எல்லாத் திங்கட்கிழமையும் அவர் வந்து சேரவில்லை. சில வாரம் செவ்வாய், சில வாரம் புதன். விட்டுப்போன பாடங்களைக் காலை ஏழு மணிக்கே வகுப்பு வைத்து ஈடுகட்டுவார். அப்படியும் ஒரு வருஷம் முடியவில்லை. பூகோளத்தில் மூன்று மாணவர்கள் தேறவில்லை. அதில் ஒருவனுடைய தகப்பனார் பென்னாகரத்திலிருந்து வந்திருந்தார். கேழ்வரகு விளைவிக்கும் குடியானவர். அலுவலக வாசலில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று, நஞ்சப்பனிடம் சத்தம் போடாமல்தான் பேசினார்.

"ஐயா, நீங்க மலை ஏறுனீங்க. எம் பையன் கீழ வுழுந்துட்டான்."

அந்தக் கோடை விடுமுறை முழுவதும் நஞ்சப்பன் மூன்று மாணவர்களையும் தம் வீட்டிலேயே தங்கவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மூவரும் தேறினார்கள். அதன்பிறகு இரண்டு வருஷம் அவரிடமிருந்து ஒரு விடுப்பு விண்ணப்பம்கூட வரவில்லை. பாடங்கள் நாள் தவறாமல் நடந்தன. மனிதர்தான் வாடிப்போனார். அவருடைய மனைவி செல்லம்மாள் அம்மையார் ஒருமுறை கல்லூரி விழாவுக்கு வந்திருந்தபோது என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் மலைக்குப் போனா, அங்க உக்காந்து பாடத்தை நெனச்சிக்கிட்டு இருப்பாரு. இப்ப வூட்ல உக்காந்து மலையை நெனச்சிக்கிட்டு இருக்காரு. ரெண்டு எடத்துலயும் பாதி ஆளுதாங்க."

உலகப் போருக்கு முந்திய வருஷம் அவருக்கு வடக்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இமயமலைப் பக்கம் போகும் ஆய்வுக் குழு ஒன்றில் ஓராண்டு சேர்ந்துகொள்ள முடியுமா என்று கேட்டிருந்தார்கள். வாழ்நாளெல்லாம் அவர் எதிர்பார்த்திருந்த கடிதம் அது. எட்டு நாள் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் என் மேசைக்கு வந்து, பதில் எழுத ஒரு தாள் கேட்டார்.

"போறீங்களா சார்?"

"இல்லீங்க. கடைசி வருஷ கிளாஸ்ல பதினோரு பேர் இருக்காங்க. நான் போயிட்டா அவங்களுக்கு நடத்த வேற ஆள் கிடையாது." தாளை மேசையில் விரித்தபடியே சொன்னார்: "வருத்தமாத்தான் இருக்கு ராமலிங்கம். இல்லைன்னு சொல்லமாட்டேன்."

பதிலை எழுதி முடித்தார். பேனாவை மூடவில்லை. இன்னொரு தாள் கேட்டார். அதில் பிரின்ஸிபாலுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். விடுப்புக்கு இல்லை. பதினோரு மாணவர்களையும் பத்து நாள் சித்தேரி மலைக்கு அழைத்துப் போய், நிலவரைபடம் வரையும் பாடத்தை அங்கேயே நடத்த அனுமதி வேண்டும் என்று கேட்டிருந்தார். முதலில் மறுத்த பிரின்ஸிபால், பிறகு ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கல்லூரியின் சார்பில் பொறுப்பான ஒருவர் கூடப் போக வேண்டும். அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மலை என்பதை ரயில் ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்திருந்த நான், ஒரு குடையும் இரண்டு போர்வையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மலையில் எங்களுக்கு இடம் கொடுத்தவர் காளியண்ணன் என்ற விவசாயி. சாமையும் தினையும் பயிரிடுபவர். பல வருஷங்களாக நஞ்சப்பனோடு அந்த மலையைச் சுற்றியவர். அவர் மேடு பள்ளங்களையும் ஓடைகளையும் காட்டிக்கொண்டே போவார். மாணவர்கள் அளந்து படம் வரைவார்கள். ஏழாம் நாள் விடிந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் குடிசையில் பொன்னி என்ற பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்தே பிரசவ வலி. மருத்துவச்சி வெளியே வந்து கையை விரித்தாள்.

"குழந்தை குறுக்கால கெடக்குதுங்க. அரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாத்தான் உசுரு."

வழக்கமான பாதையை ஓடை வெள்ளம் அடைத்துவிட்டிருந்தது. காளியண்ணன் நஞ்சப்பனைப் பார்த்தார். "அன்னிக்கு நாம ரெண்டு பேரும் போனமே, மேட்டு வழி. அதுல போனா ஓடை குறுக்க வராதுங்க. ஆனா கொம்புல தூளி கட்டித் தூக்கிட்டு யாரும் போனதில்ல. ஆள் மாத்தி மாத்தித் தூக்கணும். இங்க இருக்கற ஆம்பளைங்க பத்தாது."

மாணவர்கள் வரைந்திருந்த படத்தில் அந்த மேடு இருந்தது. எங்கே செங்குத்து, எங்கே இறக்கி வைத்து ஆள் மாறலாம் என்று அதில் விரல் வைத்துச் சொல்ல முடிந்தது. நஞ்சப்பன் படத்தைப் பார்த்தார், பிறகு அந்தப் பதினோரு பேரையும் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததை நான் கண்டேன். தாம் மட்டும் என்றால் அந்த மனிதர் யோசித்திருக்கவே மாட்டார்.

"இவங்க எல்லாம் என்னை நம்பி அனுப்பின பிள்ளைங்க" என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு அவர்கள் பக்கம் திரும்பினார். "பாறையெல்லாம் வழுக்கும். வர்றதும் வராததும் உங்க இஷ்டம். வரலைன்னா யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம்."

பதினோரு பேரும் வந்தார்கள்.

அவர் முன்னால் போவார் என்றுதான் நினைத்தேன். எந்த மலையிலும் முதல் ஆளாக ஏறுவதுதானே அவர் வழக்கம். அன்று அவர் காளியண்ணனை முன்னால் விட்டார். தூளியும் அதைத் தூக்குபவர்களும் நடுவில். வரிசையின் கடைசியில் தாம் நின்றுகொண்டார். ஏன் என்று கேட்டேன்.

"கடைசியில நின்னாத்தாங்க எல்லாரும் கண்ணுல தெரிவாங்க."

என் குடை முதல் பர்லாங்கிலேயே காற்றோடு போயிற்று. அந்த மேட்டு வழியெங்கும் பின்னாலிருந்து அவர் குரல் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தது. "முருகேசா, இடது கால் பாத்து. வெங்கடாசலம், ஆள் மாத்திக்கோ. ராமலிங்கம், உக்காந்து இறங்குங்க, ஒண்ணும் வெக்கமில்ல." நான் உட்கார்ந்தே இறங்கினேன். ஓரிடத்தில் தூளிக்கொம்பு சாய்ந்தபோது நான்கு கைகள் ஒரே நேரத்தில் தாங்கின. மழைச் சத்தத்துக்கும் அவர் குரலுக்கும் நடுவே பொன்னி முனகுவது மட்டும் கேட்டது. பிற்பகலில் அடிவாரம் வந்து, மாட்டுவண்டி பிடித்து அரூர் சேர்ந்தோம். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தோம். நஞ்சப்பன் மாணவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தார். மறுபடியும் எண்ணினார். பிறகு சிரித்தார். இரண்டு வருஷமாக நான் பார்க்காத சிரிப்பு அது.

"ராமலிங்கம், இன்னிக்கு நான் கிளாஸ்லயும் இருந்தேன், மலையிலயும் இருந்தேன்" என்றார்.

அந்த வருஷம் பதினோரு பேரும் தேறினார்கள். மலை வகுப்பு ஆண்டுதோறும் நடக்கத் தொடங்கியது. போர்க்காலத்தில் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடிய சின்ன ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்தபோதும், அரிசி கிடைக்காத வருஷங்களிலும்கூட அது நிற்கவில்லை. சாமைச் சோறு சாப்பிட்டுக்கொண்டு படம் வரைந்தார்கள். இமயமலையை அவர் கடைசிவரை பார்க்கவில்லை. அந்த ஏக்கம் தீர்ந்துவிட்டது என்று நான் எழுதினால் அவரே என்னைக் கடிந்துகொள்வார். ஆனால் அந்த வகுப்பிலிருந்து போனவர்களில் ஒருவர் இன்று அங்கே நில அளவைப் பணியில் இருக்கிறார். அவர் அனுப்பும் கடிதங்களை நஞ்சப்பன் ஆசிரியர் அறையில் உரக்கப் படிப்பார். நாங்கள் கேட்டோமா இல்லையா என்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

கம்பைநல்லூரில் காரியங்கள் முடிந்தபின் செல்லம்மாள் அம்மையார் என்னிடம் ஒரு துணிப்பையைக் கொடுத்தார். நஞ்சப்பன் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்கள். "அன்னிக்குக் காலையிலகூட திருத்துனாருங்க. பசங்க காத்துக்கிட்டு இருப்பாங்க, கொண்டுபோய்க் குடுத்துடுங்க" என்றார். அழவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சேலம் திரும்பும் ரயிலில் அந்தத் தாள்களைப் புரட்டினேன். கடைசியாகத் திருத்திய தாளில் ஒரு மாணவன் தென்பெண்ணை ஆற்றைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். நல்ல மதிப்பெண் போட்டிருந்தார். ஓரத்தில் சிவப்பு மையில், அவசரமில்லாத எழுத்தில், இப்படி எழுதியிருந்தார்: "எல்லாம் சரி. ஆனால் நீ இந்த ஆற்றைப் பார்த்ததில்லை. போய்ப் பார்."

மறுநாள் தாளை அந்த மாணவனிடம் கொடுத்தேன். நின்ற இடத்திலேயே படித்தான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"சார், இந்தச் சனிக்கிழமை போகணும்னா, எந்த ஸ்டேஷன்ல எறங்கணுங்க?"

வழி சொன்னேன். நஞ்சப்பன் சார், நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள். பாடம் நிற்கவில்லை. பிள்ளைகள் புறப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள்.