பதினேழாம் இலக்கம் உயர்த்திய கை

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அந்த வருடத்தில் நடந்தது இது. எனக்கு ஊர் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மருதமுனை. எங்கள் மாகாணத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் பொருளியல் துறையில் விரிவுரையாளராக இருக்கிறேன். பஸ்ஸும் ஒழுங்காக இல்லை, மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெயும் இல்லை என்று ஆனபோது, துறையின் ஆய்வரங்குகளையும் பயிற்சிப் பட்டறைகளையும் இணையத்தில் சூம் செயலிக்கு மாற்றினார்கள். ஒவ்வொரு புதன்கிழமையும் பின்னேரம் மூன்று மணிக்கு. துறையில் வயதில் இளையவள் நான்தான் என்பதால் அந்தப் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்தது.

பொறுப்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இணைப்பை அனுப்ப வேண்டும், வருகிறவர்களை உள்ளே எடுக்க வேண்டும், யாருடைய வீட்டிலாவது சேவல் கூவினால் அவருடைய ஒலியை நிறுத்த வேண்டும். பேச்சாளருக்கு நேரம் முடிகிறது என்று நாசூக்காகச் சொல்ல வேண்டும். கடைசியில் கை உயர்த்தியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க விட வேண்டும். கேட்கச் சில்லறை வேலை போல இருக்கும். ஆனால் எவ்வளவு பெரிய பேராசிரியரின் வாயையும் ஒரு பொத்தானை அழுத்தி அடைக்கலாம் என்ற அதிகாரம் இருக்கிறதே, அது மெல்ல மெல்லத் தலைக்கு ஏறும். எனக்கு ஏறியிருந்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கேள்வி நேரம் வந்தால் எனக்கு ஒருத்தியின் நினைவு வந்துவிடும். படிக்கிற காலத்தில் எப்போதும் என் பக்கத்திலேயே இருந்தவள், சாய்ந்தமருதுக்காரி. விரிவுரையாளர் "கேள்வி ஏதும் இருக்கா?" என்று கேட்டு முடிக்க முன்பே இவளுடைய கை மேலே நிற்கும். "இரு புள்ள, பஸ் போகப் போகுது" என்று நாங்கள் அவளுடைய அபாயாவைப் பிடித்து இழுப்போம். இழுத்தாலும் உட்காரமாட்டாள். எங்கள் வகுப்பில் பாடத்தை உண்மையாக விரும்பியவள் அவள்தான். நான் பரீட்சைக்குப் படித்தவள்.

மூன்றாம் வருடத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கடைசி வருடம் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டிய நேரத்தில் பிள்ளை பிறந்தது. குறைமாதப் பிள்ளை. வீடும் ஆஸ்பத்திரியுமாக அலைந்ததில் படிப்பைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டாள், விட்டது விட்டதுதான். நான் பட்டம் வாங்கிய அன்று அவளுக்கு ஒரு படம் அனுப்பினேன். "மாஷா அல்லாஹ்" என்று பதில் வந்தது. அதன்பிறகு அவள் எழுதுவது குறைந்துபோனது. நானும் மேற்படிப்பு, வேலை என்று ஓடிக்கொண்டிருந்தேன். அவளை நினைப்பேன், மிகவும் நினைப்பேன். ஆனால் போனை எடுத்துப் பேசமாட்டேன். நம்மில் பல பேர் அப்படித்தானே இருக்கிறோம்.

புதன் காலையில் ஆய்வரங்கின் இணைப்பைத் துறைக் குழுவில் போடும்போது, எங்கள் பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிடுவேன். அங்கே அதை யாராவது திறக்கிறார்களா என்று நான் யோசித்ததுகூட இல்லை.

ஆய்வரங்குக்கு வருகிறவர்களின் பட்டியலில் ஒரு பெயர் மட்டும் விசித்திரமாக இருக்கும். ‘1-B, 17’. பள்ளிக்கூடங்கள் மூடிக்கிடந்த காலத்தில், சூமில் பெயர் போடும் இடத்தில் பிள்ளையின் வகுப்பையும், வரவு குறிக்கிற இடாப்பில் உள்ள இலக்கத்தையும் போடச் சொல்லி ரீச்சர்மார் கேட்டார்கள் அல்லவா, அந்த மாதிரிப் பெயர். படம் இருக்காது, சத்தம் இருக்காது. மூன்று மணிக்கு முன்பே வந்து காத்திருக்கும், கடைசி ஆள் போகும்வரை இருக்கும். யாரோ ஒரு விரிவுரையாளரின் பிள்ளை போனை நோண்டுகிறது என்று நினைத்துக்கொண்டேன். "எங்கட ஆய்வரங்குக்கு ஒழுங்கா வாறது ஒண்டாம் வகுப்புப் புள்ள மட்டும்தான்" என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

நாலு மாதம் இப்படிப் போனது. ஒரு வாரம், பயிற்சிப் பட்டறை நடந்துகொண்டிருக்கும்போது முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே புகுந்து, பாட்டை உரக்கப் போட்டு, வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டுப் போனான். பேசிக்கொண்டிருந்தவர் வெளிநாட்டுப் பேராசிரியர். எங்கள் துறைத் தலைவருக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. "பேர் தெரியாத ஆக்கள ஏன் உள்ளுக்கு எடுக்கிறீங்க?" என்று எல்லோருக்கும் முன்னால் என்னைக் கேட்டார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி ஒருவனும் வாலாட்ட முடியாது என்று கறுவிக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை பேசியவர் நம் நாட்டுப் பெண் ஆய்வாளர். வீட்டிலிருந்து உழைக்கும் பெண்களைக் கணக்கெடுப்புகள் எப்படிப் பதிகின்றன என்பதுதான் தலைப்பு. வழக்கமாக ஆங்கிலத்தில் நடக்கும் ஆய்வரங்கு அன்று தமிழில் நடந்தது. அருமையாகப் பேசினார். கேள்வி நேரம் வந்தது, ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் ‘1-B, 17’ என்ற பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மஞ்சள் கை எழுந்தது.

நான் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. போன வாரத்து ஆளின் கூட்டாளியாக இருக்கும், அல்லது குழந்தை எதையோ அழுத்திவிட்டது, எப்படியும் தொல்லைதான் என்று, வெளியேற்றும் பொத்தானை அழுத்தினேன். பெயர் மறைந்தது. அப்படி வெளியேற்றினால் அந்த ஆளால் அன்றைய கூட்டத்துக்குள் மறுபடி வர முடியாது. "கேள்விகள் எதுவும் இல்லாதபடியால்" என்று சொல்லி நன்றியுரையைத் தொடங்கினேன். துறைத் தலைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படம் ஒன்றை எனக்கு அனுப்பினார். அன்று முழுவதும் எனக்குப் பெருமையாக இருந்தது.

பதினேழு அதன்பிறகு வரவில்லை. அதே வாரம் என் சிநேகிதி பழைய வகுப்புக் குழுவிலிருந்து விலகியதாக ஒரு வரி தெரிந்தது. போன் மாற்றியிருப்பாள் என்று நினைத்தேன். இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு வரவில்லை.

ஒன்றரை வருடம் கழித்து சாய்ந்தமருதில் ஒரு கல்யாண வீடு. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் நாலைந்து பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம், சஹன் என்று சொல்வோம். எங்கள் சஹனில் ஓர் ஆள் குறைந்தது. வீட்டுக்கார மாமி யாரோ ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். நிமிர்ந்து பார்த்தால், அவள்! என்னைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். ஆனால் விரித்து வைத்த சஹனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போக முடியுமா? உட்கார்ந்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸலாம் சொன்னேன். வாய்க்குள் பதில் சொன்னாள். கோழித் துண்டு ஒன்றை அவள் பக்கம் தள்ளி வைத்தேன். அவள் அதை அப்படியே பக்கத்துப் பெண்ணின் பக்கம் நகர்த்தினாள். எனக்கு வாயை அடக்க வராது.

"என்ன புள்ள, நான் உனக்கு என்ன செஞ்சன்?"

மற்ற மூன்று பேரின் கைகளும் சோற்றில் அப்படியே நின்றன. "சாப்புடு. பொறகு கதைப்பம்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கை கழுவுகிற இடத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன். தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நீ செஞ்சது உனக்குத் தெரியாதா? நாலு மாசம் ஒவ்வொரு புதனும் வந்தன். தையல் மெசினுக்குப் பக்கத்தில போன வெச்சிட்டுக் கேட்டன். என்ட பேரக் கண்டும் நீ ஒரு ஸலாம் சொல்லல்ல. சரி, பெரிய இடத்தில இரிக்காய், எல்லாருக்கும் முன்னால கதைக்க ஏலாதாக்கும் எண்டு நினைச்சன். கடைசியா ஒரேயொரு கேள்வி கேக்கத்தான் கையத் தூக்கினன். என்னப் புடிச்சி வெளிய போட்டுட்டாய்."

என் வாழ்க்கையிலேயே நான் வெளியேற்றியது ஒரே ஓர் ஆளைத்தான். "பதினேழு!" என்று கத்திவிட்டேன். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"உன்ட பேர் அதில வரல்ல புள்ள. ‘ஒண்டு பி, பதினேழு’ எண்டுதான் வந்திச்சி. அல்லாஹ்மேல ஆணை."

வாயைப் பொத்திக்கொண்டாள். அது அவளுடைய மகளின் வகுப்பும் இலக்கமும். பள்ளிக்கூடப் பாடத்துக்காக யாரோ போட்டுக்கொடுத்தது, அப்படியே கிடந்திருக்கிறது. தைத்துக்கொண்டே கேட்டவள் திரையில் தன் பெயர் என்னவென்று ஒரு நாளும் பார்க்கவில்லை. முதலில் அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன். கை கழுவ வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பெயர் தெரியவில்லை என்பது உண்மைதான். ஆனால் அது என்னைக் காப்பாற்றாது. அந்தக் கை உயர்ந்தபோது "சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவளுடைய குரலை முதல் சொல்லிலேயே அடையாளம் கண்டிருப்பேன்.

என்ன கேட்க நினைத்தாய் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

"ஒருக்கா வீடு வீடாக் கணக்கெடுக்க வந்தாங்க. உங்கட மனிசி என்ன செய்றா எண்டு இவரிட்டக் கேட்டாங்க. ‘சும்மாதான் இரிக்கா’ எண்டாரு. அப்பவும் நான் உள்ளுக்கு இருந்து அபாயா தைச்சிக்கிட்டுத்தான் இரிந்தன். மெசின் சத்தம் அவங்களுக்கும் கேட்டிரிக்கும். அந்த மேடத்திட்ட இதத்தான் கேக்க நினைச்சன். மெசின் சத்தத்தக் கேட்டுக்கிட்டே ‘சும்மா’ எண்டு எழுதின தாளை வெச்சா நீங்க எங்களப் பத்தி ஆராய்ச்சி செய்றீங்க?"

அந்த மாதிரித் தாள்களிலிருந்து வந்த அட்டவணைகளை வைத்துத்தான் நான் வருடக்கணக்காகப் பாடம் நடத்துகிறேன். இதை அந்த ஆய்வாளருக்கு நான் எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். நீ கேட்டா அது உன்ட கேள்வியாப் போயிரும்."

"அப்ப நீயே வந்து எங்களிட்டக் கேளு. இந்தப் புதன் வா."

"பாப்பம்" என்றாள். எங்கள் ஊரில் பாப்பம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அவளுடைய போனை வாங்கி, அந்த இடத்திலேயே அவளுடைய முழுப் பெயரையும் என் கையால் போட்டுக்கொடுத்தேன். இப்போது நாங்கள் இரண்டு நாளைக்கு ஒருமுறை பேசுகிறோம். பேசி முடிக்கும்போது, "வைக்கட்டா மேடம், இல்லாட்டி வெளிய போட்டுருவீங்க" என்று என்னைச் சீண்டுவாள். ஆய்வரங்குக்கு மட்டும் வரவில்லை. ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டபோது சொன்னாள்: "அந்தத் துணிவ நான் நாலு மாசமாச் சேத்தன் புள்ள. இன்னொருக்கா முதல்ல இருந்து சேக்கணும்."

இதை எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். "எழுது, கேள்வியையும் எழுது, பேர மட்டும் போடாத" என்றாள். பெயர் இல்லாமல் வந்து பட்டது போதாதா என்றேன். சிரித்தாள்.

மண்டபத்தில் ஆய்வரங்கு நடந்தாலும், தூரத்தில் இருப்பவர்களுக்காக இன்றும் சூமைத் திறந்து வைக்கிறோம். பெயர் விளங்காத யார் வந்தாலும் ஸலாம் சொல்லி, யாரென்று கேட்டு உள்ளே எடுக்கிறேன். அந்த அளவுக்குத் திருந்திவிட்டேன். அவளும் என்னை மன்னித்துவிட்டாள். ஆனாலும் கேள்வி நேரம் வந்ததும் என் கண் பட்டியலில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. என்றாவது ஒரு புதன்கிழமை அவள் வந்து கை உயர்த்த வேண்டும், நான் எல்லோருக்கும் முன்னால் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும், அவள் பேசி முடிக்கும்வரை ஒரு பொத்தானையும் தொடாமல் இருக்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.