பத்து டன் போதும்

எங்கள் யார்டில் அவரைத் தராசண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். இரும்பு அச்சில் கான்கிரீட் ஊற்றி முழு அறையாக வார்த்து, காய்ந்ததும் டிரெய்லரில் ஏற்றி அனுப்பும் தொழில் எங்களுடையது. படுக்கையறை, சமையலறை, கழிவறை எல்லாம் பெட்டி பெட்டியாக வெயிலில் நிற்கும், இன்னும் யாரும் சண்டை போடாத வீடுகள். அவற்றைத் தூக்கி ஏற்றும் ஆறு பேரில் அவர்தான் தலைவர்.

பெட்டி ஒரு விரல் உயரம் எழும்பியதும் கையை மூடுவார். கிரேன் நிற்கும். குனிந்து அடியில் தெரியும் வெளிச்சத்தைப் பார்ப்பார். எந்த மூலைச் சங்கிலியில் எத்தனை கண்ணி குறைக்க வேண்டும் என்று அதிலேயே சொல்லிவிடுவார். பெயர் அப்படி வந்தது.

வாடகைக்கு வந்த ஐம்பது டன் கிரேன் அது. ஆபரேட்டர் மேலே கண்ணாடிக் கூண்டுக்குள், இவர் தரையில். தூக்கு, இறக்கு, நிறுத்து எல்லாம் கைதான். பதினோரு வருஷத்தில் இருவரும் வாய் திறந்து பேசியது குறைவு. பேச வேண்டிய அவசியம் வந்ததில்லை என்று அதை ஒரு பெருமையாகவே சொல்வார்.

மாசி வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் முதலாளி அவரை உள்ளே கூப்பிட்டார்.

“வாடகைக் கிரேன் இனிமே கட்டாதுண்ணே. ரெண்டே வழிதான். சொந்தமா ஒண்ணு வாங்கிப் போட்டு நம்ம ஆளுங்களே ஓட்டணும். இல்லன்னா தூக்குற வேலைய மொத்தமா கிரேன் கம்பெனிக்கே விட்டுருவேன். அவங்க ஆளோட வந்துருவாங்க.”

“அப்ப நாங்க ஆறு பேரு?”

“அதுக்குத்தான் உங்களையே பாத்துச் சொல்லச் சொல்றேன். ரெண்டு மாசத்துல மெஷின் வந்து நிக்கணும்.”

அன்றிலிருந்து விலைப்பட்டியல் புத்தகங்களை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவியின் தம்பியும் அந்த ஆறு பேரில் ஒருவன். சங்கிலி மாட்டுகிறவன். பக்கத்துத் தெருவில் குடியிருந்தாலும் சாப்பாடு அக்கா வீட்டில்தான். கட்டில் முழுக்கப் பரப்பிக் கிடந்த படங்களைப் பார்த்துச் சிரித்தான்.

“பொண்ணு பாக்க வந்தப்பகூட மச்சான் இவ்ளோ நேரம் பாக்கல.”

“பாத்திருந்தா தப்பிச்சிருப்பாரு” என்றாள் அக்கா, அடுப்படியிலிருந்து.

“ரெண்டு பேரும் சும்மா இருங்க. கணக்கு விட்டுப்போகுது.”

ஃபோர்க்லிஃப்ட் சரிவராது, நடுவில் மட்டும் தாங்கினால் பெட்டியின் தளம் விரிசல் விடும். டயர் வைத்த கிரேனுக்கு லைசென்ஸ் வேண்டும், ஆறு பேரில் யாரிடமும் அது இல்லை. மிச்சம் கேன்ட்ரி. நாலு கால், மேலே ஒரு உத்தரம், தண்டவாளத்தில் ஓடும். கையில் ரிமோட்டை வைத்துக்கொண்டு கூடவே நடக்கலாம். ஒரு வாரத்தில் எல்லாரும் பழகிவிடலாம். பத்து டன் கேன்ட்ரி ஆறு வாரத்தில் கிடைக்கும். பதினைந்து டன் வேண்டுமானால் நாலு மாதம்.

வாசல் எடைமேடைச் சீட்டுகளை மூன்று வருஷத்துக்கு எடுத்துப் பார்த்தார். விரலை எச்சில் தொட்டு ஒவ்வொன்றாய்ப் புரட்டினார். எல்லாவற்றிலும் கனமானது கழிவறைப் பெட்டி, சுவரும் தளமும் அதில்தான் தடிமன். எட்டே முக்கால் டன். அதைத் தாண்டி ஒரு சீட்டுகூட இல்லை.

“பத்து டன் போதும்” என்று முதலாளியிடம் சொன்னார்.

சொன்ன நாளில் வந்து நின்றது. மஞ்சள் நிறம். மச்சினன் அதன் காலைத் தட்டிப் பார்த்து, “நம்ம ஆறு பேருக்கும் இதான் இனி சம்பளம் போடப்போவுது” என்றான். படுக்கையறைப் பெட்டி எழும்பியது, சமையலறை எழும்பியது. ஆபீஸ் ஜன்னலில் நாங்கள் எல்லாரும் நின்றோம்.

மூன்றாவதாகக் கழிவறை. முதல் இரண்டும் ஏற்கெனவே அச்சை விட்டு வெளியே நின்றவை. இது முந்தின நாள் வார்த்தது, அச்சுக்குள்ளேயே இருந்தது. தராசண்ணன் ரிமோட்டை அழுத்தினார். சங்கிலி விறைத்தது, உத்தரம் லேசாக முனகியது, பாரம் மீறியதென்று மேலே சிவப்பு விளக்கு எரிந்து மோட்டார் தானாக நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி சிவப்பு.

“என்ன மச்சான், ஆணி அடிச்சு வச்சிருக்கா?”

தராசண்ணன் குனிந்து பார்த்தார். பார்க்க அங்கே வெளிச்சமே இல்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் நிமிர்ந்தார்.

“அச்சு விட மாட்டேங்குது. கான்கிரீட்ட உறிஞ்சிப் புடிச்சிருக்கு. அந்தப் பிடிப்பையும் சேத்துத் தூக்கணும்.”

எடைமேடைக்குப் போகும் பெட்டி அச்சை விட்டு வந்த பெட்டி. அந்தப் பிடிப்பு எந்தச் சீட்டிலும் இல்லை. ஐம்பது டன் கிரேன் இழுத்தபோது அப்படி ஒன்று இருப்பதே தரையில் நின்ற யாருக்கும் தெரிந்ததில்லை.

மூன்று நாள் போராடினார்கள். அச்சில் பூசும் எண்ணெயை மாற்றினார்கள், மரச்சுத்தியால் தட்டினார்கள். மூன்றாம் நாள் ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்து நெம்பியதில் அச்சு விட்டது. பெட்டி எழும்பியது, சுவரின் ஒரு மூலை மட்டும் அச்சோடு தங்கிவிட்டது. உள்ளே கம்பி தெரிந்தது. அந்தப் பெட்டியை வாங்க வந்தவர் அதைக் குடை நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு காரில் ஏறிக்கொண்டார்.

“நாலு பக்கமும் ஒரே சமயத்துல ஜாக்கி கொடுத்தா வரும். ஒரு வாரம் டைம் குடுங்க” என்றார் தராசண்ணன்.

முதலாளி சத்தம் போடவில்லை. “பாத்துச் சொல்லச் சொன்னேனேண்ணே” என்றார். அவ்வளவுதான். கிரேன் கம்பெனியோடு அன்று மாலையே பேசி முடித்துவிட்டார். ஆறு பேருக்கும் சனிக்கிழமையோடு சரி. கேன்ட்ரியை விற்றவர்கள் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்.

அந்த வாரம் மச்சினன் சாப்பிட வரவில்லை. மனைவி ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து, “உங்கள ஒண்ணும் சொல்லல” என்றாள். அவர் நம்பவில்லை.

சனிக்கிழமை கேன்ட்ரியைக் கழற்றி டிரெய்லரில் ஏற்ற வேண்டும். தூக்க வந்தது அதே ஐம்பது டன் கிரேன், அதே ஆபரேட்டர். இப்போது தூக்குற வேலையை எடுத்த கிரேன் கம்பெனியின் ஆளாக. தண்ணீர் குடிக்க இறங்கி வந்தவர், பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“எதுல மாட்டிக்கிச்சுண்ணே?”

“அச்சுப் பிடிப்பு. யாருக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியுமே. கழிவறைய அச்சுலேர்ந்து எடுக்கறப்பல்லாம் உள்ள ஸ்கிரீன்ல பதினொண்ணரை டன் காட்டும். வெளிய வந்ததும் எட்டே முக்காலுக்கு எறங்கிரும். தினமும் பாப்பேன்.”

“சொல்லலியே.”

“நீங்க கேக்கலியேண்ணே.”

ஆபரேட்டர் பாட்டிலை மூடிவிட்டுக் கூண்டுக்கு ஏறிப்போனார்.

மச்சினன் உத்தரத்தில் சங்கிலி மாட்டி முடித்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், “மாட்டியாச்சு” என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

தராசண்ணன் கட்டைவிரலை மேலே காட்டினார். மஞ்சள் உத்தரம் ஒரு விரல் எழும்பியது. கையை மூடினார், நின்றது. குனியவில்லை. கூண்டை அண்ணாந்து பார்த்து, உள்ளே இருக்கும் ஸ்கிரீனைச் சுட்டி, எவ்வளவு என்பதுபோல் கையை விரித்துக் காட்டினார். ஆபரேட்டருக்குப் புரியவில்லை. அவர்களிடம் அதற்குச் சைகை கிடையாது. மறுபடி காட்டினார். ஆபரேட்டர் கண்ணாடிக்குப் பின்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தார். உத்தரத்தில் கட்டிய கயிற்றைப் பிடித்தபடி மற்ற ஐந்து பேரும் காத்திருந்தார்கள்.

கட்டைவிரலை உயர்த்தினார். உத்தரம் துளி சாயாமல் மேலே போனது.