எரிமலைத் தீவும் என் மேலாளரும்

அமெரிக்காவில், சான் ஹோசேயில் பார்த்த முதல் வேலை என்றதும் ஒரு மீட்டிங் அறையின் கண்ணாடிக் கதவுதான் எனக்கு நினைவுக்கு வருகிறது. என் மேலாளர் அதைத் தோளால் சாய்த்து, தானாக மூடிக்கொண்டதுபோல மூடுவார். கதவு மூடியதும் அவருடைய ஆங்கிலம் நின்றுவிடும். வெளியே எல்லோரிடமும் மென்மையாகப் பேசுகிறவர், மின்னஞ்சலில் என்னைப் பாராட்டுகிறவர், உள்ளே தமிழில் திட்டுவார். "யாரும்மா உனக்கு டிகிரி குடுத்தது? ரேஷன் கடையில வரிசைல நின்னு வாங்கினியா?" என்பார், முகத்தில் சிரிப்பு மாறாமல். வெளியே நடந்துபோகிறவர்களுக்கு நாங்கள் ஊர்க்கதை பேசுவதாகத் தோன்றும். அந்த அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. அவர் திட்டு பெரும்பாலும் "என்னம்மா" என்றுதான் தொடங்கும்; அந்த நாட்களில் அம்மா போனில் அப்படி ஆரம்பித்தால்கூட என் தோள்கள் இறுகிவிடும்.

நாங்கள் செய்தது நில அதிர்வை அளக்கும் கருவிகள். அவற்றில் ஒன்று தென்துருவத்தை ஒட்டிய கடலில், எந்தத் துறைமுகத்திலிருந்தும் பல நாள் பயணத் தொலைவில், உச்சியிலிருந்து கரைவரை பனி மூடிய ஓர் எரிமலைத் தீவில் இருந்தது. அங்கே யாரும் வசிப்பதில்லை. முந்தைய வெடிப்புகளையும் யாரும் அருகிலிருந்து பார்த்ததில்லை. செயற்கைக்கோள் படத்தில் வெள்ளைப் பனியின்மேல் சாம்பல் கருப்பாகப் படர்ந்திருந்ததைப் பார்த்துத்தான் மலை வெடித்ததே தெரியவந்ததாம். பனிக்கடியில் வெடித்தால் உருகிய நீர் கல்லையும் சேற்றையும் வாரிக்கொண்டு கரைக்கு இறங்கிவிடும். அங்கே நிற்பவருக்கு ஓட இடம் கிடையாது.

தீவின் அதிர்வுகளை நான் வகை பிரித்து வைத்திருந்தேன். பனி விரிசல் விட்டால் சட்டென்று முடிந்துவிடும். காற்று நாள் முழுக்க உரசும். மிதக்கும் பனிப்பாறை கரையில் தட்டினால் தாழ்ந்த, நீண்ட முனகல். மலைக்குள் பாறைக்குழம்பு நகரும்போது வருவதும் ஏறக்குறைய அதே முனகல்தான். பனியின் சத்தத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் கருவி உடனுக்குடன் அனுப்பும். எதையும் கழிக்காத பதிவு வாரம் ஒருமுறை வரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எங்கள் மென்பொருள் மலையின் முனகலையும் பனி என்று கழித்துக்கொண்டிருந்தது. அந்தக் கருவியை எங்களிடம் ஒப்பந்தத்தில் எடுத்திருந்த ஆராய்ச்சியாளர்கள் தங்கள் திரையில் பார்த்தது அமைதியான ஒரு கோடு. அதை நம்பி அவர்களில் நான்கு பேர் அந்தத் தீவில் இறங்கிக் கூடாரம் போடக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார்கள்.

மேலாளரிடம் சொன்னேன். கதவு மூடியது.

"கான்ட்ராக்ட் ரினியூ ஆகட்டும். அடுத்த ரிலீஸ்ல ஃபிக்ஸ் பண்ணிக்கலாம்."

"சார், நாலு பேர் இறங்கறாங்க."

"இறங்கட்டுமே. நாளைக்கு வெடிக்கறேன்னு மலை உனக்கு போன் பண்ணிச்சா?"

இரண்டு நாள் கழித்துக் கப்பலிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. குழுத்தலைவி கம்பளித் தொப்பியோடு திரையில் இருந்தார். மறுநாள் காலை இறங்குவதாகவும், தீவு அமைதியாகத்தான் இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை எங்கள் வாயால் கேட்டுக்கொள்ள விரும்புவதாகவும் சொன்னார். தீவு அமைதி என்றார் மேலாளர். நான் வாயைத் திறப்பதைக் கவனித்தவர், மைக்கைக்கூட அணைக்கவில்லை. ஏதோ தொழில்நுட்ப விவரம் கேட்பதுபோல என் பக்கம் திரும்பி, இதமான குரலில் தமிழில் சொன்னார்: "வாயத் தொறந்தேன்னு வையி, உன் கிரீன் கார்டு பேப்பர் என் டேபிள்லயே தூங்கும்."

அவர் என்ன சொல்கிறார் என்று குழுத்தலைவி என்னிடம் கேட்டார்.

நான் மொழிபெயர்த்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பிறகு வாரப் பதிவைத் திரையில் காட்டி, மறைந்திருந்த முனகலைச் சுட்டினேன். குழுத்தலைவி திரைக்கு அருகே குனிந்து அதைப் பார்த்தார். மேலாளரின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர்கள் இறங்காமல் திரும்பினார்கள். கான்ட்ராக்ட் போனது. "மறுசீரமைப்பு" என்று சொல்லி முதலில் வேலையைவிட்டு அனுப்பப்பட்டது நான். மலை வெடிக்கவில்லை. முனகல் மெல்ல அடங்கிப்போனது. விசா கெடு முடியும் முன் வேறு வேலை தேடிக்கொண்டேன். கிரீன் கார்டு வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறேன்.

போன மாதம் பக்கத்து ஊரான லிவர்மோரின் கோயில் கேன்டீனில் அவரை மனைவியோடு பார்த்தேன். என்னைக் கண்டதும் வாயெல்லாம் பல். "நம்ம பழைய டீம் பொண்ணு," என்று மனைவியிடம் அறிமுகப்படுத்தினார். பிறகு என்னிடம், "என்னம்மா, உன் மலை இன்னும் வெடிக்கவேயில்ல போல?" என்றார்.

"வெடிக்கல சார். அவங்க இறங்கியிருந்தாலும் பொழச்சிருப்பாங்க. ஆனா அது அன்னைக்கு உங்களுக்குத் தெரியாதே."

"எந்த மலை? யாரு பொழச்சிருப்பாங்க?" என்றார் அவர் மனைவி.

ஒன்றுமில்லை, பழைய ஆபீஸ் விஷயம் என்று மேலாளர் அவசரமாக ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மாள் அவரைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் புளியோதரைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, அந்த அம்மாளுக்கு எதிரே உட்கார்ந்து, முதலிலிருந்து தமிழில் சொல்லத் தொடங்கினேன்.